மல்லாந்து கிடந்த ஆறு கிழமை

இதை எழுதத் தொடங்கி மூன்று தடவை எழும்பிவிட்டேன். முதலில் தண்ணீர் குடிக்க. பிறகு படலை சாத்தியிருக்கிறதா என்று பார்க்க. மூன்றாம் தடவை எதற்கு என்றே தெரியவில்லை. உங்களுக்கெல்லாம் இந்த வயதில் கதிரையில் இருந்தால் எழும்புவது கஷ்டம் என்கிறீர்கள். எனக்கு இருப்பதுதான் கஷ்டம்.

போன மாதம் நெஞ்சைப் பரிசோதிக்கப் போன இடத்தில், பேரன் வயதுள்ள ஒரு டாக்டர், "சின்ன வயசில பெரிய வருத்தம் ஏதும் வந்ததா அம்மா?" என்று கேட்டார்.

"தொண்டைக்கரப்பன்" என்றேன். இங்கிலீசில் டிப்தீரியா.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் அதைப் புத்தகத்திலதான் படிச்சிருக்கிறன்" என்றார். அவருடைய அதிர்ஷ்டம். நம் வயதுக்காரர்களுக்கு அது புத்தகத்து வருத்தம் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னால் யாரோ ஒரு வகுப்புத் தோழியின் வெறும் இடம் உங்களுக்கும் நினைவு வரும். நான் பிழைத்தவள். பிழைத்த விதத்தில் ஒரு வெட்கம் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தின மாரி. எங்கள் வீடு செட்டிபாளையத்தில். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் மணலும் தென்னையும் நாங்களும். அப்பா வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் செய்தார். விதைப்புக் காலத்தில் அங்கேயே குடிசை போட்டுத் தங்கிவிடுவார். வீட்டில் அம்மாவும் நானும், பிறந்து இரண்டு மாதமான தம்பியும்.

நான் ஒரு இடத்தில் நில்லாத பிள்ளை. கடற்கரைக்கு ஓடுவேன், அங்கிருந்து வாவிக்கரைக்கு ஓடுவேன், இரண்டு கரையிலும் என்னைத் தேடி ஆள் வரும். போதாததற்குப் பொய்யும் சொல்வேன். அந்த மாரியில் "தொண்டை நோகுது" என்று நான் சொன்னபோது அம்மா நம்பவில்லை. முந்தின கிழமைதான் பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வயிற்றுவலி என்று சொல்லிப் பிடிபட்டிருந்தேன்.

"உன்ட நோவெல்லாம் எனக்குத் தெரியும். எழும்பிப் போ" என்றார் அம்மா.

போனேன். மழையில் நனைந்து போய், நனைந்து வந்தேன். இரண்டாம் நாள் கஞ்சி இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை அம்மா என் முகத்தருகே குனிந்தவர் சட்டென்று பின்வாங்கினார். என் வாயிலிருந்து ஒரு வாடை வந்திருக்கிறது. நனைந்த சாக்குக்குள் பூவை அழுகவிட்டது போல என்று அம்மா பிறகு சொல்வார். கழுத்து இரண்டு பக்கமும் வீங்கித் தாடையோடு ஒன்றாகிவிட்டது.

ஊர்ப் பரிசாரியார் வந்தார். அகப்பைக் காம்பால் என் நாக்கை அமத்தி உள்ளே பார்த்தார். பார்த்ததும் காம்பை வெளியே எறிந்துவிட்டு, "இது என்ட மருந்துக்கு அடங்காது. தோணியப் பிடிங்க, டக்கெண்டு" என்றார். அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

பாதையில் வெள்ளம் நின்றதால் வாவி வழியாகத்தான் போனோம். படுவான்கரைக்கு ஆள் அனுப்பி அப்பாவை வரவழைத்திருந்தார்கள். தோணியின் அடியில் பாயில் கிடந்தேன். மூச்சை இழுக்க இழுக்க அது பாதி வழியில் எதிலோ தட்டுப்பட்டது. அப்பா என் முகத்துக்கு மேலே பனையோலைக் குடையைப் பிடித்தபடி, "கெதியா வலி, கெதியா வலி" என்று துடுப்பு வலிக்கிற தோணிக்காரரை அவசரப்படுத்திக்கொண்டே வந்தார்.

பட்டினத்து ஆஸ்பத்திரியில் டாக்குத்தர் ஐயா என் தொண்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்திருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னார். பிறகு துடையில் ஊசி. குதிரையின் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து என்றார்கள். எனக்கு அந்த நிலைமையிலும் அது பிடித்திருந்தது. குதிரை என்றால் ஓடும் அல்லவா.

என் பாயையும் சட்டையையும், நான் விடாமல் பிடித்திருந்த துணிப் பொம்மையையும் எடுத்துக்கொண்டு போய் எரித்தார்கள். அந்தப் பொம்மைக்கு ஒரு கண் பொத்தான், மறு கண் குன்றிமணி. அதுபோல ஒன்றை நான் பிறகு எங்கும் பார்க்கவில்லை.

கைக்குழந்தை இருப்பதால் அம்மா என்னோடு தங்கக்கூடாது என்று டாக்குத்தர் ஐயா சொல்லிவிட்டார். வருத்தம் தொற்றும். தங்குவதற்கு ஒரே ஒரு ஆளைத்தான் விடுவார்கள். அப்பா தன் அக்காவைக் கூப்பிட்டார்.

மாமி சித்தாண்டியில் இருந்தார். வயலும் மாடும் மாமாவுமாக அவருடைய வாழ்க்கை அங்கே. எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை. அப்பாவுக்கு வேறு இடத்தில் பெண் பேசி வைத்திருந்தவர் அவர். அப்பா எங்கள் அம்மாவைக் கட்டியதிலிருந்து இரண்டு பெண்களுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை. ஆனால் ஆள் போன மறுநாளே வந்துவிட்டார். உயரமான, எலும்பான மனுசி. வெற்றிலை வாசம். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

ஐந்தாறு நாளில் தொண்டை சுகமாகிவிட்டது. வீக்கம் வற்றியது, தோல் கழன்றது, எனக்குப் பசித்தது. இனி வீட்டுக்குப் போகலாம் என்று நான் காலைக் கீழே போட்டேன். மாமி ஓடிவந்து இரண்டு காலையும் பிடித்துத் தூக்கித் திரும்பக் கட்டிலில் போட்டார்.

அன்று டாக்குத்தர் ஐயா மாமிக்கும் எனக்கும் சேர்த்தே சொன்னார். "தொண்டை இனிப் பயமில்லை. அந்த வருத்தத்தின் நஞ்சு நெஞ்சுக்குப் போயிருக்கும். நெஞ்சுத் தசை இப்போது நனைந்த கடதாசி மாதிரி. பிள்ளை எழும்பினால், ஓடினால், கடுமையாக அழுதால்கூட நின்றுவிடலாம். ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள், மல்லாந்து கிடக்க வேண்டும். தலையணை கூடாது. தன் கையால் சாப்பிடவும் கூடாது."

"ஊசி இல்லையா ஐயா?" என்று மாமி கேட்டார்.

"இதற்கு ஊசி இல்லை. கிடக்கிறதுதான் மருந்து."

மருந்து என்றால் குடித்துத் துப்பலாம். இந்த மருந்தை என்ன செய்வது? கூரையில் பதினேழு மரச் சலாகை. எண்ணி முடித்தால் திரும்ப எண்ண வேண்டும். ஒரு பல்லி நான்காம் சலாகைக்கும் ஐந்தாம் சலாகைக்கும் நடுவில் போய்வரும். அதன் மீது எனக்குப் பொறாமை. மழை ஓட்டில் விழும் சத்தம், பீனைல் மணம், எங்கோ வெளியே வாவித் தண்ணீர் கல்லில் அடிக்கும் ஓசை. அந்தத் தண்ணீரை என்னால் பார்க்க முடியாது. சன்னல் என் தலைக்குப் பின்னால் இருந்தது. சோறு கரண்டியில் வரும். பால், மூக்கு வைத்த ஒரு வெள்ளைக் கோப்பையில் வரும். வாயோரமாக வழிந்து காதுக்குள் போகும்.

ஒன்பதாம் நாள் உடம்பெல்லாம் தடித்துத் தடித்துச் சொறி கிளம்பியது. குதிரை மருந்து சிலருக்கு அப்படிச் செய்யும் என்று நர்ஸ் மிஸ்ஸி சொன்னார். உள்ளங்கால்வரை கடித்தது. நான் முறுகினேன், புரண்டேன், கட்டில் சட்டத்தில் முதுகைத் தேய்த்தேன். மாமி தன் பழைய சேலையைக் கிழித்து என் கணுக்கால்களைக் கட்டிலோடு கட்டினார். கைகளைத் தன் இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு பஞ்சில் மருந்து நனைத்து ஒவ்வொரு தடிப்பாக ஒற்றினார். விடியத் தொடங்கி விளக்கு வைக்கும்வரை ஒற்றினார். நான் அவரைக் கடித்தேன். நிசமாகத்தான். மணிக்கட்டில், பல் பதிய.

மாமி கையை இழுக்கவில்லை. "கடி. எழும்பத்தான் ஒண்ணாது" என்றார்.

"எனக்குச் சுகம் மாமி! நான் நல்லா இரிக்கன்!"

"என்ட மகனும் இப்பிடித்தான் சொன்னான்" என்றார் மாமி. "தொண்டை நோ மாறி, சிரிச்சிக்கிட்டு இரிந்தவன். வீட்டு முத்தத்தில கோழிக்குஞ்சத் துரத்தினான். பத்து அடி போகல்ல."

மாமிக்கு ஒரு மகன் இருந்ததே எனக்குத் தெரியாது. என்னைப் பயமுறுத்தக் கட்டிய கதை என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த பொய்கள் எல்லாம் அப்படிப்பட்டவைதானே.

மூன்றாம் கிழமையில் பால் குடித்தால் மூக்கால் வரத் தொடங்கியது. குரலும் மூக்கால் வந்தது. டாக்குத்தர் ஐயா ஒரு நாளைக்கு மூன்று தடவை வந்து, சட்டைப்பைக் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் நாடியைப் பிடிப்பார். முன்பெல்லாம் பிடித்ததும் ஏதாவது பகிடி விடுவார். இப்போது பேசாமல் இருந்தார். நாடி தப்பித் தப்பி அடிக்கிறது என்று மிஸ்ஸியிடம் மெல்லச் சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு வெளிறல், ஓங்காளம், காரணமில்லாத ஒரு தவிப்பு. கால் இரண்டும் கட்டியிருக்க, உள்ளே யாரோ ஓடிக்கொண்டே இருப்பது போல.

அந்தக் கிழமையில்தான் அம்மா வந்தார். தொற்று நீங்கிவிட்டது, பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். தம்பியைச் சின்னம்மாவிடம் விட்டுவிட்டு, பிட்டும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு தோணியில் வந்திருந்தார். மாமி அப்போது கிணற்றடிக்குக் குளிக்கப் போயிருந்தார். பகல் பத்து மணி இருக்கும். மிஸ்ஸி அடுத்த அறையில்.

அம்மா என் காலைப் பார்த்தார். சேலைக் கிழிசலைப் பார்த்தார். மூன்று கிழமை எண்ணெய் காணாத, சடை பிடித்த என் தலையைப் பார்த்தார்.

"ஆரு மகள் உன்னைக் கட்டினது?"

"மாமி."

"மாட்டைக் கட்டுற மாதிரி என்ட புள்ளையக் கட்டி வைச்சிரிக்காளா?" அம்மா குனிந்து முடிச்சுகளை அவிழ்த்தார்.

நான் அப்போது ஒன்று சொல்லியிருக்கலாம். எழும்பக்கூடாது என்று டாக்குத்தர் ஐயா சொன்னது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. கூரையைப் போல மனப்பாடம். நான் சொல்லவில்லை. "அம்மா, சீப்பால தலை இழுத்து விடுங்கம்மா" என்று மூக்கால் கேட்டேன்.

அம்மா என் தோளுக்குக் கீழே கையைக் கொடுத்து என்னை நிமிர்த்தி இருத்தினார்.

முதலில் வாவி தெரிந்தது. மூன்று கிழமையாகச் சத்தமாக மட்டும் இருந்த வாவி, மழை விட்ட வெயிலில் சன்னல் முழுக்க விரிந்து கிடந்தது. ஒரு தோணி. வலை எறிகிற ஒரு ஆள். நான் சிரித்திருக்க வேண்டும். அம்மாவின் சீப்பு உச்சியில் இறங்கியது. பிறகு தண்ணீரின் வெளிச்சம் ஓரங்களிலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. நெஞ்சுக்குள் ஒரு படி தவறியது. அடுத்த படியைக் காணவில்லை.

அம்மா கத்தியது மட்டும் கேட்டது, வெகு தூரத்தில்.

கண் விழித்தபோது தலை கீழே, கால் மேலே. கட்டிலின் கால்மாட்டைச் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். கையில் ஊசி ஏற்றிய இடம் எரிந்தது. இரு பக்கமும் சுடுநீர்ப் போத்தல். மாமியின் ஈரத் தலைமயிரிலிருந்து என் காலில் தண்ணீர் சொட்டியது. அம்மாவின் அலறலில் ஓடிவந்து என்னைக் கிடத்திக் காலைத் தூக்கிப் பிடித்தவர் அவர்தான். அம்மாவைக் கூட்டி வந்துவிட்டுச் சந்தைப் பக்கம் போயிருந்த அப்பாவும் வந்து நின்றார். டாக்குத்தர் ஐயாவின் விரல் என் மணிக்கட்டில்.

"பிள்ளையை இருத்தியது யார்?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை. அதுவே பயமாக இருந்தது.

அம்மா முந்தானையை வாயில் வைத்து அழுதுகொண்டிருந்தார். அப்பா அம்மாவைப் பார்க்கத் திரும்பினார். அம்மாவை அடிப்பாரோ, துரத்திவிடுவாரோ, எனக்கு அம்மா இல்லாமல் போய்விடுமோ என்று ஏதேதோ வந்தது. எனக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்தேன்.

"மாமி" என்றேன்.

மாமி வாயைத் திறந்தார். அதே நேரம் டாக்குத்தர் ஐயா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "நாடி திரும்பவும் துள்ளுது. இங்கே ஒரு சத்தமும் கூடாது" என்றார்.

மாமி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மாவை. திறந்த வாயை மூடிக்கொண்டார். ஒரு மூச்சு விட்டு, "ஓம். நான்தான்" என்றார்.

"நீங்கள் இனி இந்த அறைக்குள் வர வேண்டாம்" என்றார் டாக்குத்தர் ஐயா.

"அக்கா, நீ போ" என்றார் அப்பா. அவ்வளவுதான்.

மாமி கொடியில் கிடந்த தன் சேலையை எடுத்தார். போகும்போது அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல், "பால் குடுக்கக்குள்ள தலையச் சரிச்சுப் பிடி. கெதியாக் குடுத்தா மூக்கால வரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஈரத் தலையோடு சித்தாண்டி வரைக்கும் போயிருப்பார்.

மிச்ச மூன்று கிழமையும் அம்மாதான் இருந்தார். சின்னம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு வெளி விறாந்தைக்கு வருவார். அம்மா ஓடிப்போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓடிவருவார். என்னைக் கட்டத் தேவையிருக்கவில்லை. அம்மாவின் உள்ளங்கை என் நெஞ்சில் பகல் முழுக்க இருந்தது. நானும் அசையவில்லை. நாங்கள் இருவரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. அம்மா ஒரு தடவை, "மகள்…" என்று தொடங்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நெஞ்சு தேறியது. ஆறாம் கிழமை முடிந்து ஒரு நாள் தலையணை வந்தது, பிறகு இருப்பு, பிறகு நாலு அடி நடை. ஒரு வருடத்துக்குப் பிறகு டாக்குத்தர் ஐயா காது வைத்துக் கேட்டுவிட்டு, "குறை ஒன்றும் மிச்சமில்லை, ஓடலாம்" என்றார்.

மிச்சமிருந்தது வேறு. ஊரில் கதை பரவிவிட்டது: மாமி பிள்ளையைக் கட்டிப் போட்டு, பிறகு எழுப்பி இருத்தி, கொல்லப் பார்த்தாள். பழைய பகை என்றார்கள். அம்மா அப்படிச் சொன்னதில்லை. ஆனால் யாராவது சொன்னால் அடுப்படிக்குள் போய்விடுவார். மறுத்ததுமில்லை. நானோ பள்ளிக்கூடத்தில் சொன்னேன். கூட்டியும் சொன்னேன். மாமி பல்லைக் கடித்துக்கொண்டு என்னை இழுத்து இருத்தியதாக நடித்தும் காட்டினேன். பல் பதியக் கடித்தவள் யார் என்று உங்களுக்குத் தெரியும்.

நான்கு வருடம் போனது. பதின்மூன்று வயதில் நான் பெரிய பிள்ளையானேன். வீட்டுக்குப் பின்புறம் ஓலை மறைப்புக்குள் என்னை இருத்தினார்கள். வெளியே போகக்கூடாது, ஓடக்கூடாது. மழை பெய்தது. திரும்பவும் கூரையை எண்ணத் தொடங்கியிருந்தேன். தலைக்குத் தண்ணீர் வார்க்கிற பேச்சு வந்தது.

"தண்ணி வாக்க மாமிக்காரி வேணுமே" என்றார் பக்கத்து வீட்டுப் பெண்.

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பா, "அவள் வேணாம். என்ட புள்ளையக் கொல்லப் பார்த்தவள் என்ட புள்ளைக்குத் தண்ணி வாக்கிறதோ" என்றார். அப்பாவுக்கு அவர் ஒரே அக்கா. அந்தக் குரலில் கோபத்தைவிட நோவுதான் கூடுதலாக இருந்தது. அதைக் கேட்டதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மறைப்புக்குள்ளிருந்து எழும்பி நின்றேன்.

"மாமி இல்லப்பா" என்றேன். "மாமி என்னை இருத்தல்ல. நான் பொய் சொன்னன்."

அப்பா வேலியைச் சுற்றிக்கொண்டு மறைப்புக்குக் கிட்ட வந்தார்.

"அப்ப ஆரு?" என்றார் அப்பா.

அடுப்படி வாசலில் இருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான்தான். நான்தான் இருத்தினன். அவ சும்மா பழி சுமந்தா."

அப்பா அடிக்கவில்லை. ஏசவும் இல்லை. மாட்டை அவிழ்க்கப் போனபடி, "வண்டியக் கட்டுறன்" என்றார். "நீ வா" என்று அம்மாவிடம் சொன்னார்.

அவர்கள் திரும்பி வர மறுநாள் பின்னேரமாகிவிட்டது. அந்த ஒன்றரை நாளும் நான் ஓலைக்குள் எழும்புவதும் இருப்பதுமாக இருந்தேன். மாமி வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தால் என்ன செய்வது என்றும் நினைத்தேன். வண்டிச் சத்தம் கேட்டு ஓலையை விலக்கிப் பார்த்தேன். மாமி முன்னால் நடந்து வந்தார், தலை நரைத்து. பின்னால் அம்மா, மாமியின் துணி மூட்டையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு. சித்தாண்டியில் அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. வெளியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதாக அப்பா மட்டும் சொன்னார்.

மாமி மறைப்புக்குள் வந்து என் முன்னால் குந்தினார். நான் அழத் தொடங்கினேன்.

"ஏன் மாமி ஓம் எண்டு சொன்னீங்க?"

"உன்ட நாடி துள்ளிச்சு. நான் வாய் காட்டியிருந்தா நீ போயிருப்பாய். ஒரு புள்ளையப் பார்த்தவள் நான், இன்னொண்டு பார்க்க ஏலாது."

"என்னோட கோவமா?"

"கோவம்தான். இல்லையெண்டு பொய் சொல்லச் சொல்றியா? நாலு வருசமும் கோவத்தோடதான் இரிந்தன்." மாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இண்டைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. மிச்சத்தை மறுகா பாப்பம்."

எனக்கு அது போதுமாக இருந்தது. மன்னித்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. முற்றத்தில் பலகை போட்டு என்னை இருத்தினார்கள். பெண்கள் சுற்றி நின்றார்கள். மாமி குடத்தைத் தூக்கியவர், பாதியில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார்.

"தண்ணி குளிரோ எண்டு தொட்டுப் பாரு. நெஞ்சில பிடிச்சிரும் இவளுக்கு."

அம்மா முன்னால் வந்து குடத்துக்குள் விரலை விட்டார். எடுக்காமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"குளிர் இல்ல மச்சாள்" என்றார். "தண்ணிய வாருங்க."

மாமியை அம்மா முறை சொல்லிக் கூப்பிட்டதை நான் கேட்டது அன்றைக்குத்தான். மாமி தலையை ஆட்டினார். பிறகு என் உச்சியில் தண்ணீர் இறங்கியது.